வாடிப்போன போன்சாயைச் சென்னையில் தேற்றுவது எப்படி?

இலை கொட்டுகிறது, மிச்சம் இருப்பதும் மஞ்சளாகிறது, சரி ஒரு பாக்கெட் உரம் வாங்கிப் போட்டுப் பார்ப்போம் என்று கிளம்பியிருந்தால் அப்படியே நில்லுங்கள். நோஞ்சானாக இருக்கும் மரத்துக்கு உரம் போடவே கூடாது. அவசரப்பட்டுத் தொட்டி மாற்றவும் கூடாது, வெட்டிவிட்டால் புதுசாகத் துளிர்க்கும் என்று கத்தரியைத் தூக்கவும் கூடாது. புதிதாக வளர்ப்பவர்கள் பலர் இந்த மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்துவிடுகிறார்கள். முதலில் வந்த கோளாறைத் தாங்கியிருக்கும் மரம், அதற்குச் செய்த வைத்தியத்தில் போய்ச் சேர்ந்துவிடும். என்ன கோளாறு என்று பார்த்து, அதை மட்டும் சரிசெய்துவிட்டு, மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் பாதி வேலை.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். நுனிக் குச்சி ஒன்றில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மேல்தோலுக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்தக் கிளையிலேயே இன்னும் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அதற்கு மேலே இருப்பது போனது போனதுதான். அடித்தண்டு வரை வந்தும் சுற்றிலும் பழுப்பு, அமுக்கினால் பொலபொலவென்று உதிர்கிறது என்றால் தொட்டியைக் கழுவி எடுத்து வையுங்கள், இன்னொரு மரத்துக்கு ஆகும். தண்டில் பச்சை இருந்தால் இலை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். ஆல், அரசு வகைகள் வெறும் கட்டையிலிருந்துகூடத் துளிர்க்கும். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-இல் புயல்காற்றில் விழுந்தது, விழுதுகளை வைத்தே அந்த மரம் இன்றைக்கும் நிற்கிறது. உங்கள் தொட்டியில் இருப்பதும் அதே குடும்பமாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது.

அடுத்து, அது என்ன மரம் என்று தெரிய வேண்டும். பிறந்தநாளுக்கோ புதுமனைப் புகுவிழாவுக்கோ வந்ததென்றால், கிழங்கு மாதிரி பருத்த வேர் மண்ணுக்கு மேலே தெரிய, உச்சியில் கொஞ்சம் பளபளப்பான இலைகளோடு நிற்கும் ஃபைகஸாக (ஆல், அரசின் இனம்தான்) இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கடையில் ஜின்செங் ஃபைகஸ் என்பார்கள். அது இல்லையென்றால் ஆல், அரசு, காகிதப்பூ, அடினியம், ஜேட் இவற்றில் ஒன்றாக இருக்கும். எல்லாமே சென்னைக்குச் சரிப்பட்டு வருபவை. ஆன்லைனில் படம் பார்த்து ஜூனிப்பரோ ஜப்பான் மேப்பிளோ வரவழைத்திருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அவற்றுக்குக் குளிர்காலத்தில் ஓய்வு வேண்டும், நம் ஊர் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. கொடைக்கானலில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் அங்கே அனுப்பிவிடலாம். அப்புறம், இலை கொட்டுவதெல்லாம் நோய் இல்லை. அரசு வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக இலை உதிர்த்துவிட்டு, சில நாளில் செம்பு நிறத்தில் தளதளவென்று புது இலை விடும், அதைப் பார்த்துப் பதறிப்போய்க் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். ஃபைகஸை நர்சரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இடம் மாறிய அதிர்ச்சியில் கொஞ்சம் இலை உதிர்க்கும், அதுவும் சகஜம்தான்.

தண்ணீர்

கோளாறு பெரும்பாலும் இங்கேதான். "தினமும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள்" என்று விற்றவர் சொல்லியிருப்பார், நீங்களும் மழையோ வெயிலோ தவறாமல் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். மரத்துக்கு டம்ளர் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு மூங்கில் குச்சியோ ஐஸ்கிரீம் குச்சியோ எடுத்து, தண்டிலிருந்து சற்றுத் தள்ளி, தொட்டியின் பாதி ஆழம் வரை மண்ணுக்குள் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி கருத்து ஈரமாக வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். லேசாக ஈரம் தெரிகிறது, ஆனால் விரலில் ஒட்டவில்லை என்றால் ஊற்றலாம். எலும்பு மாதிரி காய்ந்து வந்தால் ஏற்கெனவே தாமதம். சில வாரம் இப்படிச் செய்தால் போதும், அப்புறம் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே கனத்தை வைத்துச் சொல்லிவிடுவீர்கள்.

ஊற்றும்போது அடியிலிருக்கும் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடி வரும் வரை ஊற்றுங்கள். மேலே மட்டும் நனைத்துவிட்டுப் போனால் அடிவேர் தாகத்திலேயே இருக்கும். மண் ரொம்ப நாள் காய்ந்து கிடந்திருந்தால் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இறுகிப்போன மண்கட்டி ஓரத்தில் சுருங்கி, தொட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே நேராகக் கீழே இறங்கிவிடும், நாம் நன்றாக நனைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம், நடுவில் வேர் இருக்கும் இடம் பொட்டுக்கூட நனைந்திருக்காது. அப்போது ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டியோடு உள்ளே இறக்குங்கள், மண் மூழ்க வேண்டும். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். குமிழி நின்றதும் எடுத்து வடிய விடுங்கள்.

தண்ணீர் அதிகமானாலும் குறைந்தாலும் இலை உதிரும் என்பதால்தான் ஆளாளுக்குக் குழம்புகிறார்கள். குறைந்தால் இலை பச்சையாக இருக்கும்போதே மொரமொரவென்று காயும், ஓரம் சுருளும். அதிகமானால் மஞ்சளாகி, தொட்டாலே கையோடு வரும், மண்ணை மோந்தால் சாக்கடை நாற்றம் வரும். அடினியத்துக்கு மட்டும் கணக்கு வேறு. அதன் பருத்த அடித்தண்டை அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் நல்லது, லேசாகச் சுருங்கித் தொய்ந்திருந்தால் தாகம், கொழகொழவென்று விரல் இறங்கினால் அழுகல். அழுகலை உடனே வெட்டி எடுக்க வேண்டும், தாமதித்தால் மேலே ஏறிவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் இங்கே பெரிய கேள்வி. போர் தண்ணீர் பல ஏரியாக்களில் உப்பு. தொட்டி விளிம்பிலும் மண் மேலேயும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, இலை நுனி மட்டும் கருகுகிறது என்றால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்க மனசு வராமல் செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு, மெஷின் பிரித்து ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, வாசல் தெளிக்கவோ பாத்ரூம் கழுவவோ வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வாட்டர் பரவாயில்லை, குளோரின் வாடை அடித்தால் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது, பக்கெட் வைத்துப் பிடித்தால் ஒரு சின்ன மரத்துக்குத் தாராளம். எல்லாவற்றையும் விட மழைத்தண்ணீர் உசத்தி. மழை பெய்யும்போது இரண்டு பக்கெட் பிடித்து வைத்து, உப்புப் படிந்த தொட்டியில் அதை நிறைய ஊற்றி, மேலிருந்து கீழே ஓடவிட்டு அலசுங்கள்.

தொட்டியும் மண்ணும்

தொட்டியைத் தலைக்கு மேலே தூக்கி அடியில் பாருங்கள். ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டிகள் கடைகளில் ஏகத்துக்கும் இருக்கின்றன, அடைத்துப்போன ஓட்டைகளும் உண்டு. அப்புறம் மேலே பாருங்கள். அழகுக்காகக் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள், தண்ணீர் உள்ளேயும் போகாது, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று உங்களுக்கும் தெரியாது. ஒரு ஸ்க்ரூடிரைவரை ஓரத்தில் நெம்பி அந்த மூடியை உடைத்து எடுத்துவிடுங்கள். இதை மட்டும் செய்தே தேறி வந்த மரங்கள் உண்டு.

நர்சரி மண் பெரும்பாலும் செம்மண்ணும் எருவும்தான். பெரிய தொட்டிக்குச் சரி, நான்கு விரல் ஆழமுள்ள ட்ரேயில் அது களிமண் போல இறுகிக் காற்றுப் போகாமல் வேரை மூச்சுத் திணற வைக்கும். போன்சாய்க்கு வேண்டியது பொடியே இல்லாத சன்னமான துண்டுகள். இதற்காக வெளிநாட்டு அகடாமா மண்ணைத் தேடிக் காசைக் கரைக்க வேண்டாம். சிவப்புச் செங்கல்லை ஒரு ராத்திரி ஊறவைத்துச் சுத்தியலால் உடைத்து, கொத்தமல்லி விதையிலிருந்து மிளகை விடக் கொஞ்சம் பெரிது வரை இருக்கும் துண்டுகளை மட்டும் சல்லடையில் பிரித்து எடுங்கள், பொடியைக் கொட்டிவிடுங்கள். சிமென்ட் ஒட்டிய இடிபாட்டுச் செங்கல் வேண்டாம், சுண்ணாம்புத்தன்மை ஏறும். இதில் இரண்டு பங்கு, கழுவிச் சலித்த பருமணல் ஒரு பங்கு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, அவ்வளவுதான். எம்-சாண்ட் என்றால் பொடி போகும் வரை கழுவ வேண்டும். மணலுக்காக யாரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், உப்பு.

மண் மாற்றித்தான் ஆக வேண்டுமா? வேர் அழுகியிருந்தால், அல்லது தண்ணீர் உள்ளேயே இறங்கவில்லை என்றால் மட்டும்தான் உடனே. மற்றபடி மரம் தேறி, நல்ல பருவம் வரும் வரை பொறுங்கள். ஃபைகஸ் வகைக்குப் பிப்ரவரி, மார்ச் அல்லது அக்னி நட்சத்திரம் கழிந்து வெயில் தணிந்த ஜூலை வாக்கில் செய்யலாம்.

அழுகல்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். சாயங்காலம், நிழலில் உட்காருங்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள், ஏனென்றால் வேரை வெளியே எடுத்த பிறகு சல்லடை தேடிக்கொண்டிருந்தால் அது காய்ந்துவிடும். கம்பி கட்டியிருந்தால் அடியில் வெட்டிவிட்டு, ஓரத்தைச் சுற்றிக் கத்தியை ஓட்டி, தண்டைப் பிடித்து இழுக்காமல் மண்ணோடு சேர்த்து வெளியே தள்ளுங்கள். குழாயை மெல்லத் திறந்துவிட்டு, குச்சியால் வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைக் கலைத்துக் கழுவுங்கள். வேர் தெரிய ஆரம்பிக்கும். நல்ல வேர் விறைப்பாக இருக்கும், நுனி வெளுத்திருக்கும், இழுத்தால் எதிர்க்கும். அழுகிய வேர் கருப்பாக இருக்கும், இரண்டு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் மட்டும் கையோடு வந்து உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். அந்த நூல் எங்கிருந்து வருகிறதோ அதுவரை வெட்டுங்கள், உள்ளே கட்டியாக வெளுப்புத் தெரியும் இடம் வரும் வரை. கத்தரியை ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ துடைத்துக்கொள்ளுங்கள், அழுகலை வெட்டிய கத்தரியால் அப்படியே நல்ல வேரைத் தொட வேண்டாம்.

திரும்ப அதே அழகான ட்ரேயில் வைக்காதீர்கள். மிச்ச வேர் நெருக்கமில்லாமல் உட்காரும் அளவுக்கு மட்டும் பெரிதான, சாதாரண பிளாஸ்டிக் தொட்டியோ காய்கறி கழுவும் ஓட்டைக் கூடையோ போதும், ஒரு வருடம் அதில் இருக்கட்டும். ரொம்பப் பெரிய தொட்டியும் ஆகாது, வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். ஓட்டை மேல் கொசுவலைத் துண்டு, அதன் மேல் கலவை, அதன் மேல் மரம். ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டு வேர்ப்பகுதியைக் கட்டி அசையாமல் நிறுத்துங்கள், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். காற்றில் மரம் ஆடும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்த மெல்லிய வேர் அறுந்துபோகும். குச்சியால் குத்திக் குத்திக் கலவையை இடுக்குகளில் இறக்கி, அடியில் தெளிவான தண்ணீர் வரும் வரை ஊற்றுங்கள். நல்ல வெளிச்சமுள்ள நிழலில், காற்று அடிக்காத மூலையில் மூன்று நான்கு வாரம். உரம் கிடையாது, இடம் மாற்றுவது கிடையாது, வேர் வந்திருக்கிறதா என்று தினமும் தூக்கிப் பார்ப்பதும் கிடையாது.

எங்கே வைப்பது

டிவி பக்கத்திலோ ஆபீஸ் மேசையிலோ போன்சாய் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது மரம், வெளிச்சம் வேண்டும். ஹாலில் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது இலைக்குப் பட்டினி. ஏசி அறை இன்னும் மோசம், காற்றில் ஈரமே இருக்காது. கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழுந்தால் ஃபைகஸுக்கு அது சொர்க்கம். காகிதப்பூவும் அடினியமும் இன்னும் வெயில் கேட்கும். உள்ளே இருந்ததை ஒரேயடியாக மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகாதீர்கள், இலை வெந்துவிடும். முதலில் நிழல், அப்புறம் காலை வெயில் கொஞ்சம், இப்படி இரண்டு மூன்று வாரத்தில் பழக்குங்கள்.

பால்கனியில் ஏசியின் அவுட்டோர் யூனிட் எந்தப் பக்கம் காற்றை ஊதுகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்து இலை மட்டும் கருகிக்கொண்டே வந்து, காரணம் தெரியாமல் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மே மாதம் மொட்டைமாடித் தரை கால் வைக்க முடியாமல் கொதிக்கும், அதன் மேலேயே தொட்டி உட்கார்ந்திருந்தால் வேர் வெந்துபோகும். செங்கல்லோ பலகையோ போட்டு உயர்த்தி வையுங்கள். ஐம்பது சதவீத நிழல்வலை கட்டினால் போதும். சின்ன ட்ரேக்கு அந்த மாதத்தில் காலை, சாயங்காலம் இரண்டு வேளையும் தண்ணீர் தேவைப்படலாம், குச்சியைக் கேளுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கதை தலைகீழ். நாள்கணக்கில் மழை ஊற்றும்போது தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துச் சாய்த்து வையுங்கள், தட்டையாக இருக்கும்போது அடியில் தேங்கும் தண்ணீர் சாய்த்ததும் ஓடிவிடும். அடினியத்தை மழை படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர் மேல் இருக்கும் எல்லாத் தொட்டியையும் இறக்குங்கள், 2016 வர்தாவைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. மரத்துக்காக மட்டுமில்லை, கீழே நடந்துபோகிறவர் தலைக்காகவும்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுக்கும்போது எந்தத் தொட்டிக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். பாசத்தில் தினமும் ஊற்றிவிடுவார்கள்.

பூச்சி, கம்பி

தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும், அது விடும் இனிப்புத் திரவத்துக்குத்தான் எறும்பு வருகிறது, பாதுகாப்பும் கொடுக்கிறது. கொஞ்சம் இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுங்கள். அதிகம் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் விட்டு நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று நான்கு வாரம். ஒரே தடவையில் போகாது, முட்டைகள் பொரித்துக்கொண்டே இருக்கும். கோடையில் இலை புள்ளி புள்ளியாக வெளுத்து, மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் வேகமாக அடித்துக் கழுவினாலே பாதி போய்விடும்.

கிளைகளில் கம்பி சுற்றியிருந்தால், பட்டைக்குள் பதிகிறதா என்று பாருங்கள். பதிந்தால் எடுத்துவிட வேண்டும். சுற்றைப் பிரிக்க முயன்றால் கிளை ஒடியும், கட்டரால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுங்கள்.

அரிசி கழுவிய தண்ணீர், புளித்த மோர், டீத்தூள், முட்டை ஓடு இதெல்லாம் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். நன்றாக இருக்கும் ரோஜாச் செடியில் உங்கள் ஆராய்ச்சியை வைத்துக்கொள்ளுங்கள், நோயாளி மேல் வேண்டாம். போன்சாய் வைத்தால் வீட்டில் முன்னேற்றம் தடைப்படும் என்று சொல்லும் சித்தப்பாவுக்கு நான் வைத்திருக்கும் பதில், அது பால்கனியில் இருக்கிறது என்பதுதான்.

உரம் எப்போது என்றால், புது இலை வந்து, விரிந்து, முற்றிப் பழைய இலையின் கரும்பச்சை வந்த பிறகு. முதல் துளிரைப் பார்த்த சந்தோஷத்தில் போடாதீர்கள், அது தண்டில் சேமித்து வைத்திருந்த சக்தியில் வந்த துளிர், வேர் இன்னும் தயாராகியிருக்காது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, ஈரமான மண்ணில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. கடலைப் புண்ணாக்கு நல்லதுதான், ஆனால் ஊறவைத்தால் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள்.

கத்தரிக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். இரண்டு தடவை இலை விட்டு முற்றட்டும். அதற்குள் கொடி மாதிரி நீண்டு, வடிவம் கெட்டு, கேவலமாகத்தான் இருக்கும், அந்த நீண்ட கிளைகள்தான் தண்டையும் வேரையும் தடிக்க வைக்கின்றன, விடுங்கள். காய்ந்த குச்சிகளை மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பிறகு வெட்டும்போது ஒரு கிளையில் ஆறேழு இலை வந்ததும் இரண்டு மூன்றை விட்டுவிட்டு நுனியை நறுக்குங்கள். ஃபைகஸ் என்றால் வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றினால் நின்றுவிடும். சிலருக்குத் தோலில் அரிக்கும், சட்டையில் பட்டால் கறை போகாது, அதனால் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.